கொட்டாஞ்சேனையில் ஒரு பச்சைப் பைப்

1. மேசையில் ஒரு பெட்டிசன்

“ஏன் காணும் பச்சை அடிச்சனீர்?” என்று தலைமைக் கிளாக்கர் செல்லையா கேட்டார். மேசையில் ஒரு பெட்டிசன் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம், கையெழுத்து வைக்கப்படாமல் கிடந்தது.

“ஸ்டோரிலை அதுதான் கிடந்தது ஐயா.”

“அது உண்மைதான். ஆனா ஆர் நம்புவினம்?”

நான் அப்போது கொழும்பு முனிசிபல் தண்ணீர்ப் பகுதியில் டெம்பரரி ஓவசியர். கொட்டாஞ்சேனைத் தெருப் பைப்புகள் என் பொறுப்பு. ஒழுகினால் வாஷர் மாற்ற வேண்டும், துருப்பிடித்தால் பெயின்ற் அடிக்க வேண்டும், இரண்டையும் ரிப்போட்டில் எழுத வேண்டும். பூங்கா வேலிக்கு அடித்து மிஞ்சிய அரை டின் பச்சை ஸ்டோரில் இருந்தது. அதை ஒரு குறுகிய ஒழுங்கையின் தெருப் பைப்புக்கு அடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

நான் மறந்தது முனிசிபல் தேர்தலை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். வாக்களிக்கும் இடத்தில் அந்தந்த நிறத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போடலாம். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் சிவப்பு, மற்றவர் பச்சை. தேர்தலுக்குப் பதினாலு நாள், இரண்டே கிழமை இருந்தது. நான் பச்சைக்குப் பிரசாரம் செய்வதாகத்தான் அந்தப் பெட்டிசன்.

2. மேலே சிவப்பு, கீழே பச்சை

ஒழுங்கைக்குப் போனேன். பைப்பின் கழுத்தில் பச்சைக்காரர் மாலை போட்டிருந்தார்கள். தண்ணீர் அள்ள வரிசை இல்லை. வரிசை இல்லாத தெருப் பைப்பை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் சிவப்புக்காரர்.

அவர்களுக்குத் தலைவர் தையற்காரர் சேவியர். சட்டைப் பையில் சிவப்பு ரிப்பன் குத்தியிருந்தார். “பச்சைக்காரன் பைப்ல நாங்க தண்ணி அள்ள மாட்டோம் தம்பி” என்றார்.

“இது முனிசிபல் தண்ணி அண்ணே.”

“தண்ணி சரி. பைப்?”

இதற்கு ரெகுலேசனில் பதில் இல்லை.

பிலோமினா அக்கா அந்த வழியாக வந்தார். அப்பம் சுட்டு விற்பவர். இரண்டு கையிலும் இரண்டு வாளி. அடுத்த தெருப் பைப்புவரை போய்த் திரும்பியிருந்தார். “தம்பி, நீங்க பெயின்ற் அடிச்சது பைப்புக்கு. நோகிறது என்ட இடுப்பு” என்றார். பிறகு சேவியரையும் அதே கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் பச்சைப் பைப்பைத் தொடவில்லை.

மறுநாள் சிவப்புப் பெயின்ற் வாங்கி வந்து பாதி பாதியாக அடித்தேன். மேலே சிவப்பு, கீழே பச்சை. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டதாக நினைத்தேன். தங்களைக் கீழே வைத்துவிட்டதாகப் பச்சைக்காரர் பெட்டிசன் எழுதினார்கள். பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சிவப்புக்காரரும் எழுதினார்கள். இப்போது ஒருவரும் தண்ணீர் அள்ளவில்லை. பிலோமினா அக்கா என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

3. வோட்டர் லிஸ்ட்

என் மேலதிகாரி இஞ்சினியர் துரை விசாரணை வைத்தார். நான் எந்தக் கட்சி என்பதுதான் கேள்வி. ஏதாவது ஒரு கட்சி என்று பட்டால் வேலை போகும். ஊரில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் என் சம்பளத்தில் இருந்தார்கள்.

செல்லையா ஐயாதான் காப்பாற்றினார். முனிசிபல் வோட்டர் லிஸ்டைக் கொண்டுவந்து துரையின் முன் விரித்தார். ஸ்டேட் கவுன்சில் என்ற நாட்டுச் சட்டசபைக்கு எல்லோருக்கும் வோட்டு உண்டு. முனிசிபல் வோட்டுக்கு மட்டும் சொத்தோ பெரிய வாடகையோ வேண்டும். நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் மூன்று பேரோடு படுப்பவன். அந்த லிஸ்டில் என் பெயர் எங்கும் இல்லை. வோட்டே இல்லாதவன் யாருக்குப் பிரசாரம் செய்வான் என்று துரை சிரித்துவிட்டு என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். பெயின்றைச் சுரண்டி இரும்பாக விடும்படி உத்தரவு.

வெளியே வந்ததும் ஒரு யோசனையில் செல்லையா ஐயாவிடம் லிஸ்டை வாங்கி அந்த ஒழுங்கையின் பக்கத்தைப் புரட்டினேன். வரிசை வீடுகள் முழுவதற்கும் ஒரே ஒரு பெயர் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரருடையது. அவர் வெள்ளவத்தையில் கடலோரம் இருப்பவர். அவர் வீட்டில் பைப் சமைக்கிற குசினிக்குள்ளேயே இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை. சுரண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஒழுங்கைக்குப் போனேன். இதைச் சேவியரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

“அண்ணே, லிஸ்ட்டைப் பார்த்தனான். இந்த ஒழுங்கையிலை ஒருத்தருக்கும் வோட்டு இல்லை.”

சேவியர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“தெரியும் தம்பி. போன தரமும் இல்ல. வோட்டுத்தான் இல்ல, எங்களுக்கு ஒரு நிறமாவது இருக்கக் கூடாதா?”

என் சிரிப்பு போய்விட்டது. வெட்கமாக இருந்தது. வெயிலில் குந்தியிருந்து பைப்பை மேலிருந்து கீழ்வரை சுரண்டினேன். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. முடியும்வரை சேவியர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிலோமினா அக்காவின் வாளியைத் தானே வாங்கிப் பைப்பின் கீழ் வைத்தார்.

யார் வென்றார் என்பது இப்போது எனக்கு நினைவில்லை. பைப் அடுத்த மழைக்குத் துருப்பிடித்தது. “ஏன் பெயின்ற் அடிக்கவில்லை?” என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது.

இதை வாசிக்கும் இளம் அலுவலர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்தத் தெருவில் எதற்குப் பெயின்ற் அடித்தாலும், அங்கே தண்ணீர் அள்ளுகிறவர்களிடம் என்ன நிறம் வேண்டும் என்று முதலில் கேட்டேன். அந்தப் பதிலை எழுத ரிப்போட்டில் இடம் இல்லை. இருந்தாலும் கேட்டேன்.