பருத்திக் காட்டில் ஒரு புதுச்சாமி

பறவை பார்க்க வேண்டும் என்று நான் பைனாகுலர் வாங்கவில்லை. ஆடு பிடிக்கத்தான். பரளச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். பருத்தி வெடிக்கிற நேரத்தில் யாருடைய ஆடுகளோ உள்ளே புகுந்து மேய்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஆட்டுக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. துபாயில் இருக்கும் மச்சினனிடம் சொல்லி ஒரு பைனாகுலர் வரவழைத்தேன்.

வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். ஆடு வரவில்லை. ஆக்காட்டிக் குருவி ஒன்று தொண்டை கிழியக் கத்தியது. ஆள் நடமாட்டம் இருந்தால் அது அப்படித்தான் கத்தும். ஆட்டுக்காரர் வந்துவிட்டார் என்று நாலு பக்கமும் துழாவினேன். ஒருவரும் இல்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அது கத்துவது என்னைப் பார்த்து. என் நிலத்தில் என்னையே களவாணி என்கிறது.

கோபத்தோடு பைனாகுலரை அதன் பக்கம் திருப்பினேன். அதோடு ஆடு மறந்துபோனது. கண்ணோரம் சிவப்பு, மஞ்சள் கால், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைப் போல ஒரு நடை. எங்கள் நிலத்திலேயே பருத்தி எடுத்து முடித்த பக்கத்துத் துண்டில், வெறுந்தரையில், கல்லோடு கல்லாக நாலு முட்டை. வெயில் ஏறினால் கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு பறந்து வந்து முட்டைமேல் உட்காரும். தினமும் பார்க்கப் போனேன். அந்த வாரமே என் முதுகுக்குப் பின்னால் ஆடுகள் இரண்டு வரிசைப் பருத்தியைத் தின்றுவிட்டன.

“ஆட்டப் பிடிக்கப் போனவுக குருவி வயித்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக” என்று என் மனைவி துபாய்க்குப் போன் போட்டுச் சொன்னாள்.

சித்திரையில் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் கோடை உழவு உழுதாக வேண்டும். டிராக்டர் வந்துவிட்டது, முட்டை பொரிக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குருவி முட்டைக்காக இடம் விடச் சொன்னால் டீக்கடையில் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் சாமி இருக்கிற இடத்தில் மட்டும் ஏர் படாது.

“தம்பி, அந்த எடத்த விட்டுட்டு உழு. அங்கன சாமி இருக்கு.”

டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். “என்ன சாமிண்ணே?”

“இன்னும் பேரு சொல்லல.”

ஒரு கட்டில் அளவு இடத்தை விட்டு வளைத்து உழுதான். மறுநாள் அதன் ஓரத்தில் யாரோ செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். அடுத்த நாள் எலுமிச்சம்பழத்தோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். குருவி அவர்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே பாய்ந்தது. என் பொய்யே அதைக் கூட்டைவிட்டு விரட்டிவிடுமோ என்று பயந்துபோனேன்.

“கிட்டப் போகாதீக. ரொம்பத் துடியான சாமி” என்றேன். பழத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்கள். அதன்பிறகு ஆடுகளும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் நாலு குஞ்சுகள், கொட்டைப்பாக்குக்குக் கால் முளைத்த மாதிரி, தாய்க்குப் பின்னால் ஓடின. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்தக் குருவி வேறொரு மூலையில் முட்டையிட்டது. டிராக்டர் வந்தபோது, என்ன பொய் சொல்வது என்று தெரியாமல் வரப்பில் நின்றேன். அதே டிரைவர் இறங்கி வந்தான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. பைனாகுலருக்காகக் கையை நீட்டினான்.

“சாமி இந்த வருசம் எங்கனண்ணே முட்ட போட்டிருக்கு?”