ஆடினாலும் ஆடாவிட்டாலும்

குறுவட்டப் போட்டிகளுக்கு வரும்போது அந்த டீச்சர் கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் வாளி இருக்கும். கைப்பிடி உடைந்துபோய், அதற்குப் பதிலாகக் கயிறு கட்டிய வாளி. உள்ளே கோடு போடச் சுண்ணாம்புத் தூள், அளவுக்கு நூல், இரண்டு ஆணிகள், துணியில் சுற்றிய பஞ்சும் டிங்சரும், எல்லாவற்றுக்கும் அடியில் பிஸ்கட் பாக்கெட்டுகள். மற்ற பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் கோடு போட்டாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விடுவோம். அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்தபடி கோகோ மைதானத்தின் நடுக்கோட்டைத் தானே போட்டுக்கொண்டு போவார். அந்த வெள்ளைக் கோடு ஒரு விரல்கூட விலகாது.

அவர் அரசுப் பெண்கள் பள்ளியில் வேலை செய்தார். நான் ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பள்ளியில். எங்கள் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரி காலணி. அவருடைய பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். சீருடைச் சட்டை மேலேயே எண் குத்திய துணியை ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு வெறுங்காலில் ஆடுவார்கள். அவர்கள் பள்ளி மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பிய பிறகு பயிற்சிக்கு இடம்கூட இல்லை. காலை வேளைகளில் வேங்கிக்கால் பக்கம் ஒரு காலி மனையில் முள்ளை வெட்டி எறிந்துவிட்டுப் பழகினார்கள். ஆனாலும் கோகோவில் வருடம் தவறாமல் எங்களைத் தோற்கடித்தார்கள்.

ஒரு வருடம் அப்படித் தோற்றுவிட்டு வந்ததும் எங்கள் கரஸ்பாண்டன்ட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நம்மகிட்ட இல்லாதது அவங்ககிட்ட என்னா இருக்குது?" என்று கேட்டார். "பிள்ளைங்க சார்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. ஃபீஸ் வேணாம், ஹாஸ்டலும் சும்மாவேன்னா வராமலா இருப்பாங்க?" என்றார். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஒரு நல்ல வாய்ப்பு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மையும்கூட.

நான் குறிவைத்தது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை. அவள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கு நடுவே ஊசியில் நூல் கோப்பது மாதிரி வளைந்து வளைந்து போவாள். துரத்துகிறவளின் கை தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்வரை காத்திருப்பாள். பிறகு அங்கே இருக்கமாட்டாள். ஆட்டம் முடிந்ததும் மட்டும் ஓரமாகப் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுவாள். களைப்பு என்றுதான் நினைத்தேன்.

பௌர்ணமிக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடி அண்ணாமலையில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். கிரிவலப் பாதையெங்கும் காகிதத் தட்டுகளும் இளநீர் மட்டைகளும் கிடந்தன. அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. தீபத்துக்குத்தான் ஊருக்கு வருவார். அம்மா ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்ததால் அந்த அம்மா டீச்சரையும் வரச் சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததும் டீச்சர் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சண்டை போடவில்லை. கேள்விதான் கேட்டார். ஹாஸ்டலில் தினமும் முட்டை உண்டா, வார்டன் பெண்தானே, பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் கொடுப்பீர்களா என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "ஒன்னே ஒன்னு கேக்கறேன் சார். இவளால ஆட முடியாமப் போச்சுன்னா?" என்றார்.

"படிப்ப நாங்க பாத்துக்கறோம் டீச்சர். பிளஸ் டூ வரைக்கும் என் பொறுப்பு" என்றேன். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

அவர் அந்த அம்மா பக்கம் திரும்பி, "அனுப்புங்கம்மா" என்றார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க டீமே போயிடுமே டீச்சர்?" என்றேன். "மத்தியானம் ஸ்கூல்ல சாப்பிடறதுதான் சார் அவளுக்கு. காலைல ஒன்னும் கெடையாது. மேட்ச் முடிஞ்சா தல சுத்துதுன்னு உக்காந்துடறா. நான் எத்தன நாளைக்கு பிஸ்கட் குடுப்பேன்? எங்கிட்ட இருந்தா நல்லா ஆடுவா. உங்ககிட்ட இருந்தா நல்லா சாப்பிடுவா" என்றார். அவள் ஓரமாக உட்கார்ந்துவிடுவதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் மாவட்ட இறுதிப் போட்டியில் நாங்கள் ஜெயித்தோம். தோற்றது டீச்சரின் அணி. எங்கள் பக்கத்தில் கடைசிவரை தொடப்படாமல் நின்றவள் அந்தப் பெண்தான். "எங்க பொண்ண வெச்சே எங்கள ஜெயிச்சுட்டாங்க" என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள். டீச்சர் அவர்களை அதட்டி எழுப்பிக் கைதட்ட வைத்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் வந்து அவள் கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "சதை போட்டிருக்குது" என்றார். அவ்வளவுதான். எங்கள் பள்ளி வாசலில் அவள் படத்தோடு பெரிய பேனர் வைத்தார்கள்.

பிளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களில், பயிற்சியின்போது அவளுடைய இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. பச்சைக் குச்சியை ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம், எனக்கே கேட்டது. வேலூரில் பார்த்த டாக்டர் தசைநார் கிழிந்திருப்பதாகவும், ஒரு வருடத்துக்கு ஓடுவதை நினைக்கவே வேண்டாம் என்றும் சொன்னார். அவளைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டேன். ஒரு மாதம் கழித்துக் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், ஹாஸ்டலில் இடம் வேண்டும் என்றார். "அது ஸ்போர்ட்ஸ் சீட்டு சார். ஆடறவங்களுக்குத்தான். இந்தப் பொண்ணு வேணும்னா ஃபீஸ் கட்டிப் படிக்கட்டும்" என்றார். நான் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். "நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலயே" என்றார். இன்னும் ஒரு வார்த்தை பேசினேன் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் பேசவில்லை. என் இரண்டு பெண்களும் அதே பள்ளியில் கட்டணமில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அறைக்குள் அது இருந்தது.

மாற்றுச் சான்றிதழை வாங்க அந்த அம்மா வந்த அன்று நான் மைதானத்தின் கடைசி மூலையில் நின்றுகொண்டேன். வருடத்தின் நடுவில் எந்தப் பள்ளியும் சேர்க்காது. டீச்சர்தான் தன் தலைமையாசிரியையிடம் மன்றாடி இடம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து, சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறதென்று திருத்தி வாங்கிப்போக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வராந்தாவில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். தாளை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். பள்ளியை விட்டு நீங்கக் காரணம் என்ற இடத்தில், பெற்றோரின் விருப்பம் என்று இருந்தது.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஆபீஸ்ல எழுதினது டீச்சர்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் இத்தனை வருடம் அதை நினைத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டம் நடந்தது. தனியார் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் தனித்தனியாகப் போட்டி நடத்த வேண்டும் என்று அரசுப் பள்ளி மாஸ்டர் ஒருவர் கோரிக்கை கொண்டுவந்தார். கூடம் இரண்டாகப் பிரிந்தது. "ஹாஸ்டல் வெச்சிருக்கீங்க, கோச் வெச்சிருக்கீங்க, அதுவும் போதாம எங்க பிள்ளைங்களயே இழுத்துக்கறீங்க. அப்புறம் என்னா போட்டி?" என்று அவர் மேசையைத் தட்டினார். "எங்க பிள்ளைங்களும் வேர்வ சிந்தித்தான் ஆடறாங்க. வசதி ஜாஸ்தியா இருக்கறது குத்தமா?" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். இரண்டுமே நியாயமாகத்தான் ஒலித்தன.

டீச்சர் பிரிக்கச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் எழுந்து, "பிரிக்க வேணாங்க" என்றார். "பிரிச்சா எங்க பிள்ளைங்க வருஷா வருஷம் ஜெயிப்பாங்க. யார ஜெயிச்சீங்கன்னு யாராவது கேட்டா தலையக் குனிஞ்சுக்குவாங்க. எல்லாரும் ஒன்னாவே ஆடட்டும். ஒரே ஒரு விதி போதும். வேற ஸ்கூல்ல இருந்து ஆட்டத்துக்காக ஒரு பிள்ளைய எடுத்தா, அது ஆடினாலும் ஆடலன்னாலும் பிளஸ் டூ வரைக்கும் வெச்சுக்கணும். அத மட்டும் எழுதிக்கங்க."

"அப்படி யாரு யார வெளிய அனுப்பினாங்க? பேர் சொல்லுங்க டீச்சர்" என்று எங்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நின்றபடியே இருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். மேசையில் இருந்த ரெனால்ட்ஸ் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கோரிக்கையும் பரிசீலிக்கப்படும் என்று தலைவர் எழுதிக்கொண்டார். டீ வந்தது.

வெளியே படியில் அவரை நிறுத்தி, "ஏன் டீச்சர் என் பேரச் சொல்லல?" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் சொன்னா அது புகார் சார். நீங்க சொன்னாத்தான் சாட்சி" என்றார்.

அதன் பிறகு மைதானத்தில் பார்த்துக்கொண்டால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்றார். மறு வருடமே மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்குப் போயிருந்தேன். முப்பது நாற்பது பெண்கள், பல வயதில், கைக்குழந்தைகளோடு சிலர், வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் எப்போதோ அவரிடம் ஆடியவர்கள். நான் மாலையை வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டேன்.

அவர் போனபின் அந்த இடத்துக்கு வேறு உடற்கல்வி ஆசிரியர் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தற்காலிகமாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் ஒருவர் கோகோ அணியையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இந்த வருடம் அந்த அணியில் ஒரு பெண் பிரமாதமாக ஓடினாள். கரஸ்பாண்டன்ட் வழக்கம்போல என்னை அனுப்பினார். பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்த கணக்கு டீச்சரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. படியிறங்கும்போது இடது காலைச் சற்று இழுத்து வைத்தாள். அவளேதான்.

"வாங்க சார்" என்றாள். என்ன விஷயமாக வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "அவங்க வீட்ல கஷ்டம்தான். உங்ககிட்ட வந்தா அவளுக்கு நல்லதுதான். நான் தடுக்க மாட்டேன். ஆனா வாயால சொல்லாதீங்க சார், எழுதிக் குடுங்க. ஸ்கூல் சீல் வேணும்." குரலில் கோபமில்லை, ஒரு கணக்கின் அடுத்த வரியைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

அன்றே எழுதினேன். ஆடினாலும் ஆடாவிட்டாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இந்த மாணவிக்குக் கட்டணமும் தங்கும் இடமும் இப்பள்ளி அளிக்கும் என்று இரண்டே வரி. கரஸ்பாண்டன்ட் அதைப் படித்துவிட்டு மேசை மீது தள்ளினார். "எழுத்துல குடுக்கறது நம்ம வழக்கம் இல்லீங்களே. சலுகை ஆடற வரைக்கும்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

"அன்னைக்கு அந்தக் கால் போன பொண்ணோட அம்மாவுக்குத் தெரியாது சார். தெரியாதுன்னு தெரிஞ்சேதான் நான் பேசாம இருந்தேன்" என்றேன். அவர் சீல் போடவில்லை. என் பெண்கள் இருவரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு இதைச் சொல்ல எனக்குப் பெரிய தைரியம் தேவைப்படவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் போய் அவளிடம் சொன்னேன். "எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க" என்று கூட்டிப்போனாள். செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் பின்புறம் அந்த மாணவியின் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஆவலோடு எழுந்து வந்தார். நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்.

"அனுப்பாதீங்கம்மா" என்றேன். "ஆடற வரைக்கும்தான் வெச்சுக்குவாங்க. கால் போச்சுன்னா டி.சி. குடுத்துடுவாங்க. பிளஸ் டூ வரைக்கும் என் பொறுப்புன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய், பாதில வெளிய அனுப்பும்போது பாத்துக்கிட்டு நின்னவன் நான்தான்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது யாரு சார், அந்தப் பிள்ளை?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"நான்தாம்மா."