எங்கள் நடைபாதையில் ஒரு கேட்

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், பஜாருக்கு வேலைக்குப் போகிற வழியில் ஓர் இரும்புக் கேட் நின்றது. முந்தின நாள் மாலை அதே வழியாகத்தான் வீடு திரும்பியிருந்தேன். அப்போது இரண்டு குழி மட்டும் தோண்டிக் கிடந்தது. விளக்குக் கம்பம் நடப்போகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

கொடைக்கானலின் பழைய தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. மேட்டில் இருப்பவை கல் பங்களாக்கள். சமவெளி வெயில் தாங்காமல் மலை ஏறி வந்த வெள்ளைக்கார மிஷனரிகள் கட்டியவை. பள்ளத்தில் எங்கள் லைன் வீடுகள். அவர்களுக்குச் சமைத்தவர்கள், பிள்ளை பார்த்தவர்கள், துணி வெளுத்தவர்கள் குடியிருப்பதற்காக எழுப்பியவை. என் தாத்தா அங்கே சமையல்காரர். வெள்ளைக்காரர்கள் போன பிறகு பங்களாக்கள் வாத்தியார்கள் கைக்கும் சபை ஊழியர்கள் கைக்கும் வந்தன. லைன் எங்களிடமே இருந்தது.

இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது ஒரு கல் பாதை. லைனிலிருந்து ஏறி, பெரிய பங்களாவின் தோட்டத்து ஓரமாகப் போய், சர்ச்சுக்குப் பின்னால் பஜாரில் இறங்கும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கி நின்றுதான் தெருவின் பாதிப் பேச்சு நடக்கும். வில்பட்டிக் கிராமத்துப் பெண்கள் கேரட் கூடையை எங்கள் லைனில் இறக்கி விற்றுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு பள்ளத்தில் தொடங்கி மேட்டில் போய் கேக் சாப்பிட்டு முடிக்கும். எங்கள் அப்பாவின் சவப்பெட்டியை அந்த வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். பங்களாக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பின்னால் சேர்ந்து நடந்தார்கள்.

பெரிய பங்களாவைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிற வாட்ச்மேன் பேத்துப்பாறைக்காரர். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஓனரு போடச் சொல்லிட்டாரும்மா. ரோட்டுல சுத்தித்தான் போகணும்."

"காலங்காலமா நடக்குற பாதைண்ணே இது."

"எனக்கே ஒரு மாதிரியாத்தான் கெடக்கு. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

கம்பிகளுக்கு நடுவே செல்போனை நீட்டினார். திரையில் ஒருவர் காரில் போய்க்கொண்டிருந்தார். "மேடம், இது பிரைவேட் பிராப்பர்ட்டி. செக்யூரிட்டி பிரச்சினை இருக்கு. நீங்க கொஞ்சம் புரிஞ்சுக்கணும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

அன்றிலிருந்து ரோடுதான். சீசனில் அந்த ரோட்டில் வேன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். சுவருக்கும் வேனுக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதால் சமாளித்தேன். பக்கத்து வீட்டு அக்காவால் முடியவில்லை. அவருக்குப் போர்டிங் ஸ்கூல் சமையலறையில் வேலை. பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே அடுப்புப் பற்றவைத்தாக வேண்டும்.

மேட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் கூட்டம் போட்டோம். மேடும் பள்ளமும் ஒரே அறையில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கேஸ் போடலாம் என்றேன். "சட்டம் பேசி விரோதம் வளக்க வேண்டாம். நான் பக்குவமாப் பேசுறேன்" என்றார் தலைமையாசிரியர். நம்பினோம்.

அவர் பக்குவமாகப் பேசி வாங்கி வந்தது ஓர் அடையாள அட்டை. போட்டோ ஒட்டிய அட்டையைக் காட்டினால் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். அதுவும் லைன்காரர்களுக்கு மட்டும்தான் அட்டை. மேட்டு வீட்டுக்காரர்களுக்குத் தேவையில்லையாம். அவர்கள் முகம் தெரியுமாம்.

நான் வாங்கவில்லை. லைனில் பாதிப் பேர் வாங்கவில்லை. ஒரு நாள் அக்காவின் கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்தேன்.

"வாங்கிட்டீங்களாக்கா?"

"வாங்காம? வெள்ளனே சோலிக்குப் போகணும்ல."

"நம்ம பாதைக்கு நாமளே பாஸ் வாங்குனா, அது அவரு பாதைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"ஒனக்கு விடிஞ்சு எம்புட்டோ நேரங்கழிச்சுத்தான் கடை. நீ பேசலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு குழாயடியில் பார்த்தாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் ஒரு பக்கம் என்று லைனே பிரிந்தது.

மழைக்காலம் முடியும்போது பெரிய பங்களா ஹோம்ஸ்டே ஆனது. கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண் அதன் விளம்பரத்தைச் செல்போனில் காட்டினாள். பாசி படிந்த எங்கள் கல் பாதை, மேலே மேகம் இறங்கியிருக்கிறது. கீழே, 'நூறாண்டு பழமையான மிஷனரி நடைபாதை, எங்கள் விருந்தினர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தார்கள்.

அந்தப் படத்தோடு அரசு அலுவலகத்துக்குப் போனேன். ஏற்கெனவே அங்கே மனு கொடுத்து, அப்படி ஒரு பாதையே தங்கள் வரைபடத்தில் இல்லை என்ற பதிலை வாங்கியிருந்தேன். இருக்கையில் இருந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு. ஆனா விளம்பரத்த வச்சு நாங்க என்னங்க பண்ணுறது?"

"பாதையே இல்லைன்னு சொன்னீங்க. அவரு நூறு வருசமா இருக்குன்னு எழுதியிருக்காரே."

"அத அவருகிட்டதான் கேக்கணும்" என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது திண்டுக்கல்லில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறேன். லைன்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் கேஸ் வலுவாக நிற்கும் என்கிறார். மேட்டு வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். வழி அடைபடாதவர்களுக்குப் பொறுமை சுலபம்.

நேற்று அக்கா வீட்டுக்கும் போனேன். எத்தனையோ மாதம் கழித்துப் படி ஏறியதால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். டீ போட்டுக் கொடுத்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிச் சொன்னார், முட்டிவலிக்கு மருந்து கேட்டார். கேஸுக்கான கையெழுத்துக் காகிதத்தை எடுத்து நீட்டியதும் அதை வாங்காமல் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சு கார்டப் புடுங்கிட்டா?"

"பாதையே நமக்கு வந்துட்டா கார்டு எதுக்குக்கா?"

"அது எப்ப வரும்?"

டீயைக் குடித்து முடித்து, கையெழுத்து விழாத காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோதும் இருந்தது.