தண்ணி நிற்கிற இருபது நிமிஷம்

கரையிலிருந்து கடலுக்குள் ஆள் இறக்கி ஏற்றும் எங்கள் தொழிலில் முதலாளிகள் இரண்டு பேர்: சம்பளம் தருபவர் ஒருவர், நீரோட்டம் இன்னொருவர், இரண்டாமவரிடம் லீவு லெட்டர் செல்லாது.

ஃபுஜைரா பக்கம், கடல் நிலத்துக்குள் புகுந்து போகிற ஒரு குறுகலான வாயில்தான் என் டூட்டி. ஆறு மணி நேரம் தண்ணி உள்ளே ஓடும், ஆறு மணி நேரம் வெளியே ஓடும். நடுவில் இருபது நிமிஷம் அசையாமல் நிற்கும். டைவிங் அப்போதுதான். அந்த இருபது நிமிஷமும் தினம் ஒவ்வொரு நேரத்துக்கு வரும். டூட்டி நேரத்தை எவனோ முடிவு பண்ணுகிற உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். ஆனாலும் பதினோரு வருஷத்தில் ஒரு ஆளைக்கூட நான் தொலைத்ததில்லை. தூத்துக்குடிக்காரன் அய்யா, சும்மாவா?

சனிக்கிழமை ஒன்பது மணி

ஷார்ஜாவிலிருந்து ஒரு என்ஜினியர், ஒன்பது மணிக்கு டாண் என்று குடும்பத்தோடு வந்து நின்றார். "சார், இன்னைக்கு ஒண்ணரை மணிக்குத்தான் தண்ணி நிக்கும். மெசேஜ் போட்டிருந்தேனே" என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் ரெண்டு வாரம் முன்னாடியே புக் பண்ணிட்டேன், பிரதர். அதைத் தண்ணிகிட்ட நீங்க சொல்லலையா?"

ஜிம் மாஸ்டர்

கோயம்புத்தூர் ஆள், துபாயில் ஜிம் கோச். ஒவ்வொரு புஜமும் தேங்காய் சைஸ். "நீரோட்டத்தோட மல்லுக்கட்டாதீங்க, குறுக்கால நீந்தி வெளிய வாங்க" என்று தலைப்பாடாகச் சொல்லித்தான் இறக்கினேன். கேட்டால்தானே! தண்ணி லேசாக ஓட ஆரம்பித்ததும் நேர் எதிரே நீந்தினார், பத்து நிமிஷம். இருந்த இடத்திலேயே இருந்தார். கடைசியில் நான்தான் பிடித்து இழுத்து வந்தேன். கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"அண்ணா, அந்தப் பாறை நம்ம கூடவே வருதுங்க."

வாசுகியின் பரீட்சை

வாசுகி யாழ்ப்பாணத்துப் பெண். பஹ்ரைனில், குதைபியாவில் ஆபீஸ் வேலை பார்த்தவள். ஓமானில், சலாலாவில் ஒரு டைவிங் கடை அவளுக்கு வேலை தரத் தயாராக இருந்தது; ஆனால் மீட்புப் பயிற்சி கார்டு இருந்தால்தான் விசா. இவளோ பழைய வேலையை விட்டுவிட்டே வந்திருந்தாள். அன்றுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பரீட்சை இதுதான்: நான் மூழ்குகிறவன் மாதிரி நடிப்பேன், அவள் என்னைக் கரைசேர்க்க வேண்டும். தண்ணி நிற்பது பதினொன்றரைக்கு. டைவிங் வாட்ச் பேட்டரி காலையில் போய்விட்டதால் ரூமில் கிடந்த இன்னொரு வாட்ச்சைக் கட்டியிருந்தேன். பதினொன்று இருபது. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் வாட்ச்சையும் கேட்டேன். "அதே நேரம்தான் அண்ணை" என்றாள். இறங்கினோம்.

பாறை முனை தாண்டியதுதான் தாமதம், தண்ணி என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஓடியது. காலில் தசை பிடித்துக்கொண்டது. மேலே வந்து, "நடிப்பு இல்லம்மா, நிஜம்! நீ கரைக்குப் போ!" என்று கத்தினேன். மூழ்குகிறவன் இப்படித்தான் உளறுவான் என்று பாடம் எடுத்ததே நான்தானே! அவள் நிதானமாக என் மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, பின்னாலிருந்து பிடித்து, எதிர்க்காமல் குறுக்கே குறுக்கே நீந்தினாள். எனக்குப் பயம், சத்தியமாகப் பயம். முந்நூறு மீட்டர் உள்ளே, அலையாத்தி மரங்களுக்கு நடுவில் என்னைச் சேற்றில் கிடத்தினாள்.

எங்கள் வண்டி டிரைவர் அஸ்லம் ஓடி வந்தான். "பாய், இன்னும் பத்தரைகூட ஆகலையே, ஏன் இறங்கினீங்க?"

அப்போதுதான் உறைத்தது. நான் கட்டியிருந்தது, வீட்டுக்குப் போன் பண்ணுவதற்காக ஊர் நேரத்தில் வைத்திருந்த வாட்ச். அவளும் அம்மாவோடு பேசுவதற்காக யாழ்ப்பாண நேரம்தான் வைத்திருந்தாள். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், இங்கத்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால்! மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி சபலம் தட்டியது. மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். வாசுகி அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நடிக்கிற ஆளுக்கு இவ்வளவு பயம் வராதே எண்டு அப்பவே யோசிச்சனான். சரி அண்ணை, நான் பாஸோ?"

ஆக, இந்தப் பதினோரு வருஷத்தில் தொலைய இருந்த ஒரே ஆள் நான்தான், என்னைக் கரைசேர்த்தவளுக்குக் கரைசேர்க்கத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டவனும் நானேதான்.