உதறாத சேவல்

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்வது இதுதான். தன் பொறுப்பில் உள்ள உயிர்களுக்குப் பட்டியலில் கண்ட நோய் வந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், உரிமையாளர் அதைக் கிராம அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கால்நடை மருத்துவருக்கு எழுதுவார். கோழிகளையும் பிற பறவைகளையும் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறருக்கு விதிகளை எடுத்துக்காட்டியே சம்பளம் வாங்கியவன் நான். இந்த விதியும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்றபின் புதுச்சத்திரம் பக்கம் எங்கள் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டை ஒட்டிக் கம்பிவலை அடித்துக் கூரை போட்டு, என் மனைவி லவ் பேர்ட்ஸும், கொண்டை வைத்த காக்டெய்ல் கிளிகளும் வளர்த்தாள். காக்டெய்லில் ஓர் ஆண், முட்டை லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப் சத்தத்தை அப்படியே கற்றுவைத்திருந்தது. வாசலில் வண்டியைத் திருப்புகிறவர்கள் பதறி பிரேக் போடுவார்கள். அவளுக்கு அதில் ரகசியமான பெருமை.

சுற்றிலும் கோழிப்பண்ணைகள். பண்ணை வாசலில் லாரி டயரை மருந்துத் தண்ணீரில் இறக்கி ஏற்றுவதைப் பார்த்து, அவளும் எங்கள் கேட்டருகே ப்ளீச்சிங் பவுடர் கரைத்த பேசின் ஒன்றை வைத்தாள். செருப்பை நனைக்காமல் யாரும் உள்ளே வர முடியாது.

"ஏனுங்கம்மா, நான் பால் ஊத்த வந்தனா, கோயிலுக்கு வந்தனா?" என்பார் பால்காரர்.

"கோயில்ல இத்தனை கேக்க மாட்டாங்க. நனைங்க."

புதிதாக வாங்கும் பறவையை ஒரு மாதம் மாடி அறையில் தனியே வைத்த பிறகுதான் கூண்டில் சேர்ப்பாள். அலுவலகத்தில் அவளைப் போல் ஒருவர் எனக்குக் கீழே இருந்திருந்தால் நான் இன்னும் சீக்கிரமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஐப்பசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல். கோயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இரண்டு சோளக்காடு தள்ளி. வெண்ணந்தூரிலிருந்து என் அக்கா முதல்நாளே வந்தாள், இடுப்பில் ஒரு சேவலோடு. எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் நேர்ந்துகொண்டது.

மனைவி கேட்டைப் பிடித்தபடி நின்றாள். "அண்ணி, சேவலை வெளியே வேப்பமரத்துல கட்டிக்கலாங்களா?"

"நாய் இழுத்துட்டுப் போச்சுன்னா என்ன கண்ணு பண்ணுவ? உம்பட புருசன் உசுருக்கு நேந்துக்கிட்டது. மழைல, தெருவுலயா கட்டுவாங்க?"

இதற்குமேல் எந்த மனைவியும் வாதாட மாட்டாள். கேட்டைத் திறந்து விட்டாள். அக்காவின் கால்கள் பேசினில் நனைந்தன. சேவல் இடுப்பில் இருந்தது.

மழைக்கு ஒதுங்க இடம் கூண்டின் தாழ்வாரம் ஒன்றுதான். அங்கே தூணில் கட்டினார்கள். இரவு அது ஒரு தானியம்கூடத் தொடவில்லை.

"பாரு, விரதம் இருக்குது," என்றாள் அக்கா. "உனக்கு இல்லாத பக்தி இதுக்கு இருக்குது, சாமி."

மறுநாள் கோயிலில் பூசாரி சேவலின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். உதறவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். இறகெல்லாம் ஒட்டிக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் காரணம் தேட ஆரம்பித்தார்கள். யாரோ கவிச்சி தின்றுவிட்டு வந்திருக்கிறார்கள் என்றார் ஒரு பெரியப்பா. என்னைக் காட்டி, இவன்தான் எங்கேயாவது நின்று சிரித்திருப்பான் என்றாள் அக்கா.

"அம்மனுக்கு ஏதோ மனக்குறை இருக்குதுங்க. நாளைக்குப் பார்ப்போம்," என்றார் பூசாரி.

என் மனைவி மட்டும் சேவலின் வாலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது.

"ஏனுங்க, இதுக்குச் சொகமில்லீங்க," என்று என் காதருகே சொன்னாள்.

அதை நான் அக்காவிடம் சொன்னேன். "சாமி வேண்டாங்குது, நீ சொகமில்லைங்கற. படிச்சவனுக்கு எல்லாமே சீக்குத்தான்," என்று சேவலைத் தூக்கிக்கொண்டாள். சாமி மறுத்த சேவலை வழியில் விடக்கூடாதாம். மறுபடியும் எங்கள் வீட்டுக்கே வந்தது, அதே தூணுக்கு. மனைவி சாக்குகளைத் தேடி எடுத்து வலையின் மேல் தொங்கவிட்டாள். அவளால் முடிந்தது அதுதான்.

விடியும்போது சேவல் செத்துக் கிடந்தது. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுதாள். அவள் பயந்தது எனக்காக. உடனே ஆள் அனுப்பிச் சந்தையில் வேறொரு சேவல் வாங்கினார்கள். அது முதல் சொட்டுக்கே உதறியது. என் ஆயுள் முறைப்படி உறுதி செய்யப்பட்டது. எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் ஒரு லவ் பேர்ட் கூண்டின் தரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்து திருகி, மேலே பார்த்தபடி. மாலைக்குள் போய்விட்டது. காலையில் இன்னும் இரண்டு.

நான் நான்காம் பிரிவை எடுத்துக்கொண்டு கிராம அலுவலரிடம் போனேன். பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"கிளிங்களா சார்?"

"லவ் பேர்ட்ஸ். சட்டப்படி உங்களிடம்தான் சொல்ல வேண்டும்."

"என்னங்க சார், வாரிசுச் சான்று எதுவும் வேணுங்களா?" வரிசை சிரித்தது. அவர் கெட்டவரில்லை. சிரித்து முடித்ததும் சட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இப்படி ஒண்ணு இருக்கறதே இப்பத்தானுங்க தெரியுது," என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய்ப் பார்த்த கால்நடை மருத்துவரும் நல்லவர்தான். வெள்ளைக்கழிச்சல்தான் என்றார். தடுப்பூசி முகாமுக்கு வந்த மருந்து, வீட்டுப் புறக்கடையில் வளர்க்கும் கோழிகளுக்கு என்று கணக்கு. ஒரு குப்பியை உடைத்தால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும், ஒரு வீட்டுக் கூண்டுக்காக உடைக்க அவருக்கு அதிகாரமில்லை. "மேலிடத்துக்கு மனுப் போடுங்க சார். கூண்டுப் பறவைக்குப் போடலாம்னு ஒரு வரி வந்தா நானே வீட்டுக்கு வாரேன்." நோய் கண்டுவிட்டதற்கு மருந்தில்லை, இன்னும் கண்டிராததைத்தான் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அன்றே இணையத்தில் மனுப் போட்டேன். ஒரு பிழையும் இல்லாத மனு.

மனைவி நன்றாக இருந்தவற்றை அட்டைப்பெட்டிகளில் பிரித்து மாடிக்குக் கொண்டுபோனாள். மேலே போக ஒரு புடவை, கீழே வர ஒரு புடவை. ஒரு லவ் பேர்ட் ஜோடி கூட்டுப் பானையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவளால் கிளப்ப முடியவில்லை. "குஞ்சு பொரிக்கற நேரமுங்க," என்றாள். பெண்பறவை பானைக்குள்ளேயே செத்தது. ஆண் அதன் பிறகும் வாயில் இரையோடு வந்து பானையின் வாயை எட்டிப் பார்த்தது.

மாடியில் இருந்தவையும் ஒவ்வொன்றாகப் போயின. ரிவர்ஸ் சத்தம் போடும் காக்டெய்லுக்கு மட்டும் அவள் சொட்டு சொட்டாக குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது கழுத்தை நேராக்க முயன்று, முயன்று, அவள் உள்ளங்கையில் சாய்ந்தது. கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அதற்கும் ஒரு முறை உண்டு. அதைச் சரியாகச் செய்தேன்.

அக்கா போனில் கேட்டாள், "ஊட்டுல எல்லாரும் சொகமா?"

"சொகந்தானுங்க அண்ணி. உங்க தம்பி நல்லா இருக்கறாரு," என்றாள் மனைவி. பறவைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. "நமக்காக நேந்துக்கிட்டவங்க. அவிங்க மனசு எதுக்குங்க நோகோணும்?"

மார்கழி முழுக்க அவள் காலி வலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு என் செல்போனுக்குப் பதில் வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, கூண்டுப் பறவைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்கச் சிறப்பு நேர்வாக அனுமதிக்கப்படுகிறது, பறவைகளின் தற்போதைய எண்ணிக்கையைத் தெரிவிக்கவும் என்றிருந்தது. சொற்பிழை ஒன்றுமில்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இல்லீன்னு போடுங்க," என்றாள். "சும்மா உடாதீங்க. அவிங்க மருந்தை எடுத்து வெச்சுட்டுக் காத்துட்டு இருப்பாங்க."

பூஜ்யம் என்று போட்டு அனுப்பினேன். அன்று மாட்டுப் பொங்கல்.