பழுப்பேறிய இரண்டு விரல்கள்

என் மனைவியை முதன்முதலில் பார்த்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காப்பித் தம்ளரை நீட்டிய கையைத்தான் பார்த்தேன். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண் வரை பழுப்பேறிக் கிடந்தன. மருதாணியின் சிவப்பும் இல்லை, புகையிலைக் கறையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் முழங்கையை இடித்து, "டேய், இன்னாடா இது வெரல்ல? எதுனா தோல் வியாதியா இருக்கப் போவுது, நல்லா கேட்டுக்க" என்று காதில் சொன்னார். காதில் சொன்னதாக அவருக்கு நினைப்பு. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பெண் தலை குனிந்துகொள்ளவில்லை. "வியாதி இல்லீங்க. பர்மாங்கனேட்டுன்னு ஆஸ்பத்திரி மருந்து. எலுமிச்சம்பழம் தேய்ச்சா போய்டும். நாந்தான் தேய்க்கல" என்றாள். அவள் அப்பா பதறிப்போய், ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டார். "நாளைக்கு மறுபடியும் வரப் போவுதே" என்றாள். அந்தப் பதிலோடு என் கதை முடிந்தது. கல்யாணத்தன்று அவளுடைய அத்தைகள் கூடி எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தேய்த்து அந்த விரல்களை வெளுக்க வைத்துவிட்டார்கள். சர்ச்சில் அவள் கையைப் பிடித்தபோது யாரோ அயல் பெண்ணின் கையைப் பிடித்தது போலிருந்தது எனக்கு.

நாங்கள் குடித்தனம் செய்தது ஆம்பூரில். அவள் அங்கிருந்த பெண்கள் ஆஸ்பத்திரியில் மருந்தறையையும் அதை ஒட்டியிருந்த சிறிய சோதனை அறையையும் பார்த்துக்கொண்டாள். நான் ஹாஜியாரின் தோல் ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். புதிதாக வருகிறவர்கள் கடை என்று நினைத்துக்கொண்டு வாசல்வரை வருவார்கள், பிறகு காற்று அவர்களுக்குப் புரிய வைத்துவிடும். சாயங்காலம் அவள் மருந்து நெடியோடும் நான் சுண்ணாம்பும் மீன் எண்ணெயும் கலந்த வாசனையோடும் வீடு திரும்புவோம். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வந்ததில்லை. அந்த வீடும் ஹாஜியார் கொடுத்தது. பெரிய மனிதர். மேல்விஷாரத்தில் பிறந்து, தோலிலேயே வளர்ந்து, மக்காவுக்குப் போய் வந்தவர். ஊரில் பசி என்று யார் வந்தாலும் மதம் கேட்காமல் இலை போடச் சொல்வார். அவர் முகம் கோணினால் எங்கள் அடுப்பு எரியாது என்பதும் உண்மை.

என் மனைவியின் மருந்தறைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன், ஆனால் அவள் ஒரு முறையும் என்னை எதையும் தொட விட்டதில்லை. பர்மாங்கனேட்டுக்கு என்று தனி இடம்: கல் பலகை, அதன்மேல் கறுப்புக் கண்ணாடி ஜாடி, கண்ணாடி மூடி. தக்கை மூடி கூடாது. அள்ளுவதற்கு ஒரு பீங்கான் கரண்டி. அந்தக் கரண்டி வேறு எந்த ஜாடியையும் அறியாது. காகிதத்தில் கொட்டி மடிக்கக் கூடாது. கீழே சிந்தினால் துடைப்பம் எடுக்கக் கூடாது, தண்ணீர் விட்டு ஈரத் துணியால் ஒற்ற வேண்டும், அந்தத் துணியையும் உடனே அலச வேண்டும். கிளிசரின் புட்டி எதிர்ச் சுவரில், வேறு அலமாரியில், பூட்டுக்குள். ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாத சம்பந்திகளை அவள் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தாள். இவ்வளவு பயமா என்று கேலி செய்தேன். "இது தானா எரியாது. பக்கத்துல இருக்கறத எரிய வைக்கும். எண்ணெய், மரத்தூள், வெல்லம், பஞ்சு, எது கெடைச்சாலும் சரி. அதான் இதுக்குத் துணையே கூடாதுங்கறேன்" என்றாள். ஊரில் சில மனிதர்களும் அப்படித்தான் என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

ஒரு கோடையில் பாலாற்றங்கரைக் கிராமங்களில் வாந்திபேதி கண்டது. ஆற்றில் மணல்தான் ஓடியது. ஜனங்கள் கலங்கிய கிணறுகளையே நம்பியிருந்தார்கள். அந்தக் கிணறுகளில் பர்மாங்கனேட்டைக் கரைத்து விட வேண்டும். தண்ணீர் இளஞ்சிவப்பாகி, மறுநாள் தெளிந்த பிறகு குடிக்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தது ஓரிரு கிணறுகளுக்குக்கூடப் போதாது. டாக்டரம்மா வெயிலுக்கு மலைக்குப் போயிருந்தார். சாவிகள் எல்லாம் என் மனைவியின் இடுப்பில். சேதி ஹாஜியார் காதுக்குப் போனது. அவர் யாரையும் கேட்கவில்லை. பட்டணத்துக்கு ஆள் அனுப்பி, பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகளில் மருந்தை வரவழைத்தார். ரயிலடியிலிருந்து நேரே ஷாப்புக்குக் கொண்டுவந்து, அங்கே எங்கள் வழக்கப்படி மறுபடி பெட்டிகளில் அடுக்கினார்கள்.

அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஷாப்பில் தோலைச் சீவி மெலிதாக்கும்போது சீவல் மலைபோல் குவியும். உடையக் கூடிய எந்தப் பொருள் எங்கே போனாலும் அந்தச் சீவலில் புதைத்துத்தான் அனுப்புவோம். விளக்குக் கண்ணாடி, முட்டை, ஹாஜியார் வீட்டுச் சீமைப் பீங்கான் எல்லாம் அதில்தான் பயணம் போகும். எண்ணெய் போட்ட தோலின் சீவல் என்றால் இன்னும் மெத்தென்று இருக்கும். இது உயிர் காக்கும் மருந்து என்பதால், மேஸ்திரி பார்த்துப் பார்த்து மீன் எண்ணெய் ஊறிய சீவலையே பொறுக்கி எடுத்து வைத்தார். பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற கவனத்தோடு செய்த காரியம் அது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வண்டிகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தன. வெள்ளை ஜிப்பாவில் ஹாஜியார், அவரோடு ஊர்ப் பெரியவர்கள், பின்னால் மேஸ்திரியும் நானும். உள்ளே மருந்துக் கிடங்கைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு நேர்மேலே பிரசவ வார்டு. முதல் பெட்டியைத் தூக்கியவனை என் மனைவி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினாள். பலகை இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்துச் சீவலை இழுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். "இது உள்ள வரக் கூடாது. இங்கியே, வெட்டவெளியில பிரிங்க" என்றாள்.

தானமாக வந்த பொருளை வாசலில் தடுப்பது என்றால் எங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஹாஜியார் அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "இன்னா ரைட்டரே, உங்க வூட்டம்மா நம்ம சாமான வாசல்லயே நிறுத்திட்டாங்க? எங்க வாப்பா காலத்திலேர்ந்து இந்தச் சீவல்ல வெச்சது ஒண்ணு ஒடைஞ்சதில்ல." அவள்தான் பதில் சொன்னாள். "ஒடையாத வரைக்கும் ஒண்ணுமில்லீங்க ஹாஜியாரே. ஒண்ணே ஒண்ணு கீறியிருந்தாலும் இந்த எண்ணெயும் மருந்தும் சேந்து தீப்பிடிச்சிக்கும். மேல பச்சைப் புள்ளைங்க படுத்திருக்குது. நீங்க எவ்ளோ பெரிய மனசோட குடுத்தாலும் சரி, நான் உள்ள விடமாட்டேன்." குரலை உயர்த்தவில்லை. சாவிக்கொத்தை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார்கள். ஜாடிகள் முழுதாக, அலுங்காமல் இருந்தன. ஹாஜியாரின் புருவம் ஏறிக்கொண்டே போனது. இன்று இரவே வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசி வண்டியில் ஒரு பெட்டி மிச்சம். அதன் பலகையில் அவள் புறங்கையை வைத்தாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல. வைத்தவள் சுட்டதுபோலச் சட்டென்று எடுத்துவிட்டாள். "மாட்ட அவுத்துட்டு எல்லாரும் தள்ளிப் போங்க. தண்ணி! கெணத்துத் தண்ணி, எவ்ளோ முடியுமோ அவ்ளோ!" ஆற்று மணலைக் கடக்கும்போது வண்டி குலுங்கியதில் உள்ளே ஒரு ஜாடி விரிசல் விட்டிருந்தது. இடுக்கிலிருந்து நூல்போலப் புகை வந்தது. வண்டிக்காரன் பழக்கத்தில் கோணிச் சாக்கை எடுத்து அமுக்கப் போனான். "சாக்கு வேணாம்! அதுவும் எரியும், தண்ணிய ஊத்து!" என்று அவள் போட்ட சத்தம் மாடி வார்டு வரை கேட்டதாம்.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். என் பின்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள். குடம் கைமாறி வந்தது. எனக்கு அடுத்து நின்று குடத்தை வாங்கியவர் ஹாஜியார் என்பதை இரண்டாவது குடத்தில்தான் பார்த்தேன். பலகை ஒன்றில் சிறிதாக நாக்கு நீட்டிய தீ, தண்ணீரில் சீறி அடங்கியது. பிறகும் அவள் நிறுத்த விடவில்லை. பெட்டி முழுதும் குளிரும்வரை ஊற்றச் சொன்னாள். ஊதா நிறத் தண்ணீர் தெருவில் ஓடியது. பெட்டியைப் பிரித்தபோது உள்பக்கப் பலகை கரியாகியிருந்தது. ஹாஜியார் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வெள்ளை ஜிப்பாவின் முன்பக்கம் முழுக்க ஊதாத் திட்டுகள், எங்கள் கண்ணெதிரே பழுப்பாகிக்கொண்டிருந்தன. அண்ணாந்து வார்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அல்லா காப்பாத்தினான்" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, முதல் முறையாக நேராகவே பேசினார். "அம்மா, இனிமே இந்த மருந்து விஷயத்துல நீங்க சொல்றதுதான். எங்க ஆளுங்க யாருனா குறுக்க பேசினா என்கிட்ட சொல்லுங்க."

நல்ல ஜாடிகளை அன்று சாயங்காலமே கழுவித் துடைத்து, வெறும் மணலில் ஊன்றி, கிராமங்களுக்கு அனுப்பினாள். கிணறு ரத்தமாகிவிட்டது என்று அலறிய ஊர்களுக்கு அவளே போய், தெளிந்த தண்ணீரை எல்லோர் எதிரிலும் முதல் ஆளாகக் குடித்துக் காட்டினாள். மழைக்கு முன்னே ஹாஜியார் ஆஸ்பத்திரி வளாகத்தின் கோடியில் ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்தார். கல் தரை, கல் பலகை, தகரக் கூரை. மரம் என்று ஒரு குச்சி இல்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்று கொத்தனாருக்குச் சொன்னது என் மனைவி. மலையிலிருந்து திரும்பிய டாக்டரம்மா அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்து, சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

பெட்டி தீப்பிடித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது அவள் என்னிடம் பாதி எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். தீ அணைந்த பிறகு ஈரச் சீவலை அள்ளிப் புதைத்ததில் என் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை அவள் நிறத்துக்கு வந்திருந்தன. "தேய்ச்சிக்கோங்க, நாலு பேரு பாப்பாங்க" என்றாள். "பாக்கட்டும்" என்றேன். அன்றைக்கு நான் நடந்த நடையில் கொஞ்சம் திமிர் இருந்ததாக அவள் இன்றும் சொல்கிறாள். இருந்திருக்கும். அவளைப் போய் வியாதிக்காரி என்று நினைத்த என் அம்மா, அந்த மாதம் முழுக்க வருவோர் போவோரிடமெல்லாம் மருமகளின் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் வேலையை விட்டு வெகுகாலமாகிவிட்டது. இதை எழுதும்போது அவள் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். போதும், ஊருக்கெல்லாம் பீற்றிக்கொள்ளாதீர்கள் என்கிறாள். அவள் விரல்களைப் பார்க்கிறேன். சுருக்கம் விழுந்து, சுத்தமாக, மற்ற கிழவிகளின் விரல்களைப் போலவே இருக்கின்றன. அம்மா செய்ததுபோல அந்தக் கையைப் பிடித்து இப்போது யாருக்கும் காட்ட முடியாது. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.