அப்பா போட்ட கையெழுத்து

இன்று அப்பாவை ராயக்கோட்டை பஸ் ஏற்றிவிட ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

ஊரில் அப்பாவின் மாந்தோப்பு வழியாக கேஸ் குழாய் வரப்போவதைப் பற்றி இந்த வலைப்பக்கத்தில் நிறையப் புலம்பியிருக்கிறேன். குழாய் போகும் இடத்தில் அப்புறம் ஒரு மரமும் வைக்க முடியாது. குழாயை எதிர்த்துக்கொண்டு கேஸை வீணாக்குவது நியாயமில்லை என்று, அரிசி நன்றாகக் கொதித்ததும் இறக்கிக் கம்பளியில் சுற்றி வைத்துவிடுகிறேன்; மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அப்பா சொன்னார்: "குழாய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் கண்ணு."

"என்னப்பா இது? அளக்க வந்தவங்கள நீங்கதானே தொரத்தி உட்டீங்க?"

"ஆமா. போன மாசம் உன் வூட்டுக்கு வந்தப்போ சோத்துப் பானையக் கம்பளில சுத்தி வெச்சிருந்த. கொழந்தைக்கு வெயில்ல வெச்ச தண்ணிய ஊத்துன. எம் பொண்ணு கேஸுக்கு இவ்ளோ கஷ்டப்படுதேன்னு எனக்குத் தூக்கமே வரல. குழாய் வந்தா ஓசூர்ல கேஸுக்குப் பஞ்சமே இருக்காதுன்னு ஆபீசர் சொன்னாரு. மரம் போனாப் போவுது, உடு."

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பஸ் கிளம்பிவிட்டது.

கேஸை எதற்காக மிச்சம் பிடிக்கிறேன் என்று முகம் தெரியாத உங்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் எழுதியிருக்கிறேன். தோப்புக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டில் சொல்லிவிட்டுப் போராடுகிற புத்திசாலிகள் யாராவது இங்கே இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கலாம்.